அலர்ஜி டெஸ்ட்டுக்கு வருமுன்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஒரு மருத்துவமனையில், அலர்ஜி டெஸ்ட் எடுக்கும் அறையில் 11 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். ஓமலூர், ஆத்தூர், சங்ககிரி பக்கமிருந்தும், மேலே ஏற்காடு எஸ்டேட்டுகளிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அவர்களில் சிலரை டெஸ்ட் எடுக்காமலேயே திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தவரிடம் "அடுத்த வாரம் வாங்க" என்று சொல்ல எனக்கு வாய் வராது. முன்கூட்டியே நாலு விஷயம் தெரிந்திருந்தால் அந்த அலைச்சலே இருந்திருக்காது.

போனிலும் நேரிலும் திரும்பத் திரும்பக் கேட்டதை, கேட்டவர்கள் பேச்சிலேயே எழுதி பதிலும் போட்டிருக்கிறேன். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே செய்யுங்கள். உங்கள் உடம்பைப் பார்த்தவர் அவர்.

அலர்ஜி டெஸ்ட்டுன்னா கையில என்னதாங்க பண்ணுவாங்க?

முன்னங்கையின் உள்பக்கத்தைத் துடைத்துவிட்டு, பேனாவால் வரிசையாக எண் போடுவோம். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டு மருந்து வைப்போம். ஒன்று வீட்டுத் தூசியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி, ஒன்று கரப்பான்பூச்சி, ஒன்று பார்த்தீனியம் மகரந்தம், ஒன்று பூஞ்சை, நாய், பூனை என்று போகும். சொட்டுக்கும் சொட்டுக்கும் 2 செ.மீ.யாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு தடிப்பும் ஒன்றாகக் கலந்துவிடும். பிறகு சொட்டின் நடுவில் சிறு முனையால் மேல்தோலில் ஒரு குத்து. 15 முதல் 20 நிமிடம் கையை நீட்டி வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒத்துக்கொள்ளாத பொருள் வைத்த இடம் கொசு கடித்த மாதிரி தடித்து, சுற்றிலும் சிவந்து, அரிக்கும்.

இதில் இரண்டு சொட்டு மட்டும் தனி. ஒன்று ஹிஸ்டமின், அலர்ஜி வரும்போது நம் உடம்பே வெளியிட்டுத் தடிப்பையும் அரிப்பையும் உண்டாக்கும் பொருள். அது எல்லோருக்கும் தடிக்க வேண்டும். இன்னொன்று வெறும் உப்புத் தண்ணீர். அது யாருக்கும் தடிக்கக் கூடாது. உப்புத் தண்ணீர் வைத்த இடத்தைவிட 3 மி.மீ.யாவது பெரிதாகத் தடித்தால் அதை பாசிட்டிவ் என்று எழுதுவோம். இந்த இரண்டு சொட்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அடிக்கடி வரும்.

வலிக்குங்களா? ரத்தம் வருமா?

ரத்தம் வராது, வந்தால் நான் ஆழமாகக் குத்திவிட்டேன் என்று அர்த்தம். ரோஜாச் செடி முள் லேசாகப் பட்ட மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு வரும் அரிப்பைச் சொறியாமல் இருப்பதுதான் கஷ்டம். குழந்தைகளுக்கு நான் கொடுக்கும் வேலை, எந்த எண் முதலில் எழும்புகிறது என்று பார்த்துச் சொல்வது. பெரியவர்கள் செல்போன் பார்க்கலாம், டெஸ்ட் எடுக்காத கையால்.

வெறும் வயித்துல வரணுங்களா?

வேண்டாம். சுகர் டெஸ்ட் பழக்கத்தில் பலர் பட்டினியோடு வருகிறார்கள். காலை டிபன் சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். பசி மயக்கத்தில் ஒருவர் சாய்ந்தால், அது பசியா, மருந்து ஒத்துக்கொள்ளாமல் வந்ததா என்று எங்களுக்கு ஒரு நிமிடம் புரியாது. அந்த ஒரு நிமிடம் எங்களுக்குத் தேவையில்லாத பயம்.

பெனிசிலின் ஊசிக்கு முன்னாடி டெஸ்ட் டோஸ் போடுவாங்களே, அதுதானே இது?

பார்க்க ஒரே மாதிரி இருக்கும், வேலை வேறு. டெஸ்ட் டோஸில் மருந்தைத் தோலுக்குள்ளேயே செலுத்தி சின்னக் கொப்புளம் மாதிரி எழுப்புவார்கள். அந்த ஒரு மருந்து உங்களுக்கு ஆகுமா என்பதுதான் கேள்வி. நாங்கள் செய்வது மேல்தோலில் குத்துவது மட்டும், உள்ளே எதையும் செலுத்துவதில்லை. மூச்சில் போகிற, சாப்பிடுகிற பொருட்களில் எது தொந்தரவு என்று தேடுவது இது.

"போன வருஷம் டெஸ்ட் டோஸ் போட்டாங்க, ஒண்ணும் ஆகலை, அதனால எனக்கு அலர்ஜியே கிடையாது" என்பவர்களுக்கும் இதுதான் பதில். பெனிசிலின் ஆகும் என்பதற்கும் தூசி ஆகாது என்பதற்கும் சம்பந்தமே கிடையாது.

எந்த மாத்திரையை எத்தனை நாளைக்கு முன்னாடி நிறுத்தணும்?

தும்மல், அரிப்புக்குப் போடும் மாத்திரை எல்லாம் ஹிஸ்டமினைத் தடுப்பதற்காகவே செய்தவை. அவற்றைப் போட்டுக்கொண்டு வந்தால் தூசிச் சொட்டும் தடிக்காது, ஹிஸ்டமின் சொட்டும் தடிக்காது. கை சுத்தமாக இருக்கும், பார்க்க அழகாகவும் இருக்கும், டெஸ்ட் மட்டும் செல்லாது.

செட்டிரிசின், லெவோசெட்டிரிசின், ஃபெக்ஸோஃபெனடின், லோரடடின், பிலாஸ்டின் போன்றவற்றை 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்கிறோம். 5 நாள் போதும் என்று சொல்லும் இடங்களும் உண்டு. அவில், குளோர்ஃபெனிரமின் போன்ற பழைய மாத்திரைகளின் வேலை இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். ஆனாலும் ஆளுக்கு ஒரு கணக்கு சொன்னால் குழம்புகிறார்கள் என்று அதற்கும் 7 நாள் என்றே சொல்லிவிடுவேன். அரிப்புக்கு ஹைட்ராக்ஸிசின், குழந்தைகளுக்கு இளைப்புக்காக கீட்டோடிஃபென் போகிறதென்றால் முன்கூட்டியே போன் செய்யுங்கள், அவற்றுக்கு நாள் கூடலாம். அசிடிட்டிக்குப் போடும் ரானிடிடின், ஃபாமோடிடின் வகையை இரண்டு நாள் முன்பு நிறுத்தினால் போதும். பான்டோபிரசோல் பரவாயில்லை.

தும்மலுக்கும் இளைப்புக்கும் எழுதும் மான்டெலுகாஸ்ட் தனியாக இருந்தால் டெஸ்ட்டைக் கெடுக்காது. ஆனால் பலர் கையில் இருப்பது கூட்டு மாத்திரைதான். அட்டையைத் திருப்பிப் பாருங்கள், பெயருக்குப் பின்னால் எல்சி, எஃப்எக்ஸ் என்று வால் இருக்கும். அந்த வால்தான் லெவோசெட்டிரிசினும் ஃபெக்ஸோஃபெனடினும். "டாக்டர் மான்டெலுகாஸ்ட் போடலாம்னு சொன்னாரே" என்று சண்டைக்கு வந்தவர்கள் கையில் அனேகமாக வால் வைத்த அட்டைதான் இருந்திருக்கிறது.

நான் அலர்ஜி மாத்திரையே போடறதில்லீங்க. அப்புறம் எப்படி டெஸ்ட் வராம போச்சு?

இந்தக் கேள்விக்கு எனக்கே ஒரு பாடம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏற்காட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார். காபித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவர். மாத்திரை எதுவும் போடவில்லை என்று மூன்று தடவை சொன்னார். 20 சொட்டு வைத்தேன். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் கை பலகை மாதிரி இருக்கிறது, ஹிஸ்டமின் வைத்த இடத்தில்கூட ஒரு புள்ளி இல்லை. மருந்து கெட்டுப்போயிற்றோ என்று சந்தேகப்பட்டு என் கையில் ஒரு சொட்டு வைத்துக் குத்திப் பார்த்தேன், எனக்கு நன்றாகவே தடித்தது. கடைசியில் டாக்டர் வந்து கேட்ட ஒரே கேள்வி, "அம்மா, பஸ்ல வாந்தி வருமா?" முந்தானையில் முடிந்து வைத்திருந்த அவோமின் அட்டையை அவிழ்த்துக் காட்டினார். 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டுமே. வண்டி ஏறும்போதெல்லாம் ஒன்று போட்டுக்கொள்வாராம். அதில் இருப்பது புரோமெதசின். அதுவும் ஹிஸ்டமினைத் தடுக்கிற சரக்குதான்.

அன்றிலிருந்து "அலர்ஜி மாத்திரை போட்டீங்களா" என்று நான் கேட்பதில்லை. "ஒரு வாரமா வாய்க்குள்ள என்னென்ன போச்சு" என்றுதான் கேட்கிறேன். வாந்தி மாத்திரை, தலைசுற்றலுக்கு சின்னரிசின், ஜலதோஷத்துக்குக் கடையில் வாங்கிய கூட்டு மாத்திரை, இருமல் சிரப், தூக்கம் வரவில்லை என்று யாரோ கொடுத்தது, எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். ஜலதோஷ மாத்திரையில் பாராசிட்டமாலோடு குளோர்ஃபெனிரமினும் இருக்கும். "அது காய்ச்சல் மாத்திரைதானுங்களே" என்பார்கள். மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயில் அசெலாஸ்டின், கண் சொட்டில் ஓலோபடடின் என்று எழுதியிருந்தாலும் சொல்லுங்கள். வீட்டில் இருக்கிற அட்டை, பாட்டில் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு அப்படியே கொண்டுவந்துவிடுங்கள். பெயர் படித்துச் சொல்வது என் வேலை.

மலையிலிருந்து வருகிறவர்கள் முன் சீட்டில் உட்கார்ந்து வாருங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஒரு எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். அதுவும் முடியாதென்றால் முதல்நாளே இறங்கி சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். ஆனால் அப்போதும் மாத்திரை போடாமல்தான் இறங்க வேண்டும்.

மாத்திரையை நிறுத்தினதுல இருந்து தும்மல் தாங்கலை. ஏழு நாள் எப்படிங்க ஓட்டறது?

ஃபுளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற மூக்கு ஸ்பிரே டெஸ்ட்டைக் கெடுக்காது; டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் தொடருங்கள். உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவலாம், தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். பரண் தூசி தட்டும் வேலையை அந்த வாரம் எடுத்துக்கொள்ளாதீர்கள். பொங்கலுக்கு முந்தின வாரம் டெஸ்ட்டுக்கு நாள் குறிப்பவர்களிடம் இதைத் தனியாகச் சொல்வேன், வெள்ளையடிப்பும் ஒட்டடையும் அந்த வாரத்தில்தான் நடக்கும்.

முகம், உதடு வீங்குகிறது, உடம்பெல்லாம் தடிக்கிறது என்றால் டெஸ்ட்டுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். மாத்திரையைப் போட்டுவிட்டு எங்களுக்குச் சொல்லுங்கள், நாளைத் தள்ளிவைப்போம். மூச்சுத் திணறல், குரல் கம்மல், மயக்கம் என்றால் மாத்திரையை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்ஹேலரையும் சேர்த்து நிறுத்திட்டேன், சரிதானுங்களே?

தப்பு. இந்தப் பக்கத்தில் ஒரு வரியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்: இளைப்புக்கான இன்ஹேலரை நிறுத்தவே கூடாது. இன்ஹேலரில் வரும் சால்புடமாலோ பூடசோனைடோ தோல் டெஸ்ட்டை மறைக்காது. நிறுத்தி, வீசிங்கோடு வந்தால்தான் டெஸ்ட் எடுக்க முடியாமல் போகும், ஏனென்றால் நெஞ்சு இறுகியிருக்கும்போது அலர்ஜி சொட்டு வைப்பது ஆபத்து. ஊதிப் பார்க்கும் கருவியில் மூச்சின் அளவு குறைந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம். இன்ஹேலரைப் பையில் போட்டுக் கையோடு கொண்டு வாருங்கள்.

பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை எல்லாம்?

சுகர், தைராய்டு, கொழுப்பு மாத்திரைகளை வழக்கம்போலப் போடுங்கள். பிரஷருக்கோ நெஞ்சுக்கோ அடினலால், மெட்டோபிரலால், புரோப்ரனலால் என்று 'லால்'-இல் முடியும் மாத்திரை போகிறதென்றால் அவசியம் சொல்ல வேண்டும். அது தடிப்பை மறைக்காது. ஒருவேளை டெஸ்ட்டில் உடம்பு மோசமாகி அட்ரினலின் ஊசி போட வேண்டி வந்தால், அந்த ஊசியை அது சரியாக வேலை செய்ய விடாது. கண் பிரஷருக்கு விடும் டிமலால் சொட்டும் இதே இனம். நீங்களாக நிறுத்தாதீர்கள், நிறுத்துவதா, டெஸ்ட்டை விட்டுவிட்டு ரத்தத்தில் பார்ப்பதா என்று டாக்டர் முடிவு செய்வார்.

இன்னொன்று அமிட்ரிப்டிலின். ஒற்றைத் தலைவலிக்கும், கால் எரிச்சலுக்கும், மனச்சோர்வுக்கும் ராத்திரி ஒன்று என்று எழுதியிருப்பார்கள். அதுவும் ஒரு வாரத்துக்கு மேல் தடிப்பை அடக்கும். எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே வேண்டாம்.

நாட்டு மருந்து, கஷாயம் சாப்பிடலாங்களா?

வீட்டில் வைக்கிற சுக்கு, மிளகு, துளசிக் கஷாயத்தால் ஒன்றும் கெடாது. பெயர் இல்லாத பொட்டலத்தில் "அலர்ஜிக்கு" என்று கொடுத்த பொடியும் உருண்டையும்தான் எனக்குக் கவலை. உள்ளே என்ன இருக்கிறதென்று கொடுத்தவருக்குத்தான் வெளிச்சம். இரண்டு வேளையில் அரிப்பு மாயமாகப் போய்விட்டதென்றால் எனக்கு சந்தேகம் கூடும். பொட்டலத்தையும் மஞ்சப்பையில் போட்டுக் கொண்டு வாருங்கள், யாரும் திட்டமாட்டோம்.

எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டு வரலாமா? கையில மருதாணி இருக்குதே?

குளிக்கலாம், எண்ணெய் வேண்டாம். வழவழப்பான தோலில் சொட்டு நிற்காமல் ஓடி, பக்கத்துச் சொட்டோடு கலந்துவிடும். அன்று காலை முன்னங்கையில் பவுடர், கிரீம், மஞ்சள் எதுவும் பூசாதீர்கள். அரிப்புக்கு ஸ்டீராய்டு களிம்பு முன்னங்கையில் தடவுகிறீர்கள் என்றால் அந்த இடம் சில வாரம் சரியாகத் தடிக்காது. முதுகில் எடுக்கலாம், ஆனால் தெரிந்தால்தானே.

மருதாணி உள்ளங்கையில் இருந்தால் பரவாயில்லை. கல்யாணத்துக்கு முழங்கை வரை போட்டுக்கொண்டு வந்தால் சிவப்பு எது, தடிப்பு எது என்று என்னால் பிரிக்க முடியாது. கை இறுக்கமான ரவிக்கை, முழுக்கைச் சட்டை வேண்டாம்.

மாசமா இருக்கேன். என் குழந்தைக்கு ஒன்றரை வயசு. எங்க ரெண்டு பேருக்கும் எடுக்கலாமா?

குழந்தைக்கு எடுக்கலாம். கைக்குழந்தைக்குக்கூட எடுப்பதுண்டு, தடிப்பு சின்னதாக வரும் என்பதால் அளவு பார்த்துப் படிக்க வேண்டும். உங்களுக்கு, பிரசவம் முடியட்டும் என்று தள்ளிவைப்பதே வழக்கம்.

இதுல உயிருக்கு ஆபத்து உண்டா? உண்மையைச் சொல்லுங்க.

மிக மிக அபூர்வம், ஆனால் இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். அதனால்தான் அட்ரினலின், ஆக்சிஜன், பிரஷர் பார்க்கும் கருவி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்போம், டாக்டர் இருக்கும் நேரத்தில் மட்டும் செய்வோம். இதெல்லாம் இல்லாமல் ஒரு மேஜை, ஒரு பெட்டி என்று முகாம் போட்டு யாராவது டெஸ்ட் எடுத்தால் கை நீட்டாதீர்கள்.

இறால், வேர்க்கடலை, தேனீக் கொட்டு என்று எதிலாவது முன்பு மயங்கி விழுந்திருந்தால் அதை முதல் வரியாகச் சொல்லுங்கள். அப்படி ஆகி நாலு முதல் ஆறு வாரமாவது கழித்துத்தான் டெஸ்ட். அதற்கு முன்பு எடுத்தால் தோல் களைத்துப் போயிருக்கும், உண்மையான அலர்ஜிகூட நெகட்டிவ் என்று வந்துவிடும்.

ஏற்காட்ல இருந்தா தும்மல், சேலம் வந்தா நல்லா இருக்கேன். டெஸ்ட்டை மேலதானே எடுக்கணும்?

எங்கே எடுத்தாலும் ஒன்றுதான். ஒரு பொருளுக்கு எதிராக உங்கள் உடம்பு செய்து வைத்திருக்கும் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருள் தோலில் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் மலை இறங்கினால் அது கூட இறங்கி வருகிறது. சொட்டு பட்டதும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் எங்கே தும்மல் வருகிறது என்பது எங்களுக்குப் பெரிய துப்பு. மேலே 1,500 மீட்டர் உயரம், மழைக்காலம் முழுக்க ஈரம். சுவரில் பூஞ்சை பூக்கும், கம்பளி வாரக்கணக்கில் வெயில் பார்க்காது. தூசிப் பூச்சிக்கு வேண்டியதே அந்த ஈரமும் நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் பொடியும்தான். காபிக் கொட்டை காயவைத்துப் புடைக்கும் இடத்தில் வேலை என்றால் பச்சைக் கொட்டைத் தூசியே சிலருக்கு இளைப்பு கொடுக்கும். கீழே வந்தால் சாலையோரம் பார்த்தீனியம், ஏரிக்கரையில் சீமைக்கருவேலம், வீட்டுக்குள் கரப்பான்பூச்சி. எந்த இடத்தில், எந்த மாதத்தில், எந்த வேலை செய்யும்போது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். என்ன சொட்டு வைப்பது என்பதை அந்தத் தாள்தான் முடிவு செய்யும். இதை எழுதிக்கொண்டு வருகிறவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை என்பது என் வருத்தம்.

கத்தரிக்காய், கருவாடு எல்லாம் கரப்பான்னு பாட்டி சொல்றாங்க. அதுக்கும் டெஸ்ட் உண்டா?

உண்டு. பாட்டி சொல்லும் கரப்பானையும் என் சொட்டில் இருக்கும் கரப்பான்பூச்சியையும் மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். போனில் ஒருவர் குழப்பிக்கொண்டு பத்து நிமிடம் பேசினோம். பாட்டி பேச்சை நான் தள்ளுவதில்லை. சிலருக்குக் கத்தரிக்காய் சாப்பிட்டதும் வாய் அரிக்கத்தான் செய்கிறது. காய், பழம், மீன் வகைக்கு பாட்டில் மருந்தைவிடப் பச்சைப் பொருளிலேயே முனையைக் குத்தி, அதே முனையால் கையில் குத்துவது பல சமயம் நன்றாகக் காட்டும். டாக்டர் சொன்னால் அந்தக் கத்தரிக்காயை, இறாலை ஒரு டப்பாவில் கொண்டு வாருங்கள். வேகவைத்தது வேண்டாம்.

சாப்பிட்ட ஒன்றிரண்டு மணிக்குள் அரிப்பு, தடிப்பு, வாந்தி வந்தால் இந்த டெஸ்ட் உதவும். பால் குடித்தால் வயிறு உப்புகிறது, மறுநாள் உடம்பு சோர்வாக இருக்கிறது என்பதற்கெல்லாம் இதில் பதில் கிடைக்காது.

ரிசல்ட்ல 14 பொருளுக்குப் பாசிட்டிவ்னு வந்திருக்கு. எல்லாத்தையும் விட்டுரணுங்களா?

இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன். தடிப்பு வந்தால் உங்கள் உடம்பு அந்தப் பொருளை அடையாளம் வைத்திருக்கிறது என்று அர்த்தம். அதனால் உங்களுக்குத் தொந்தரவு வருகிறதா என்பது வேறு கேள்வி. முட்டைக்குத் தடித்தவர் தினமும் ஆம்லெட் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருந்தால், அவருக்கு முட்டை அலர்ஜி இல்லை. அவருடைய முட்டையைப் பிடுங்குவது நியாயமும் இல்லை.

பள்ளிக்கூடம் போகும் ஒரு பையனை அவனுடைய அம்மா அழைத்து வந்தார். எங்கேயோ எடுத்த பட்டியலைப் பார்த்து பால், முட்டை, கோதுமை, பருப்பு எல்லாவற்றையும் எட்டு மாதமாக நிறுத்தியிருந்தார். பையன் சட்டை தோளில் நிற்காமல் நழுவியது. தும்மல் மட்டும் அப்படியே இருந்தது. டாக்டர் கதை கேட்டுப் பார்த்ததில் தொந்தரவு முழுக்கத் தூசிப் பூச்சியால். அவன் படுத்திருந்தது பழைய இலவம்பஞ்சு மெத்தையில். உணவை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தார்கள், டாக்டர் பக்கத்தில் இருக்கும்போது. வீட்டில் நீங்களாக அப்படிச் சோதிக்க வேண்டாம். பட்டியலை வைத்துக்கொண்டு "இதில் எது என் கதையோடு ஒத்துப்போகிறது" என்று டாக்டரைக் கேளுங்கள். அதைச் சொல்லாமல் பட்டியலை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினால் டெஸ்ட் பாதியில் நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாமே நெகட்டிவ். ஆனா தும்மல், இருமல் நிக்கலையே?

முதலில் ஹிஸ்டமின் சொட்டு தடித்ததா என்று கேளுங்கள். தடிக்கவில்லை என்றால் மேலே சொன்ன ஏற்காட்டு அம்மா கதை. தடித்திருந்தால், தொந்தரவுக்குக் காரணமான பொருளை நாங்கள் வைக்காமல் இருந்திருக்கலாம், அல்லது அது அலர்ஜியே இல்லாமல் இருக்கலாம். ஊதுபத்தி, தாளிப்பு நெடி, ஏசி காற்று பட்டதும் மூக்கு ஒழுகுவது பலருக்கு அலர்ஜி இல்லாமலே வரும்.

நூற்பாலை வேலைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. லீவு முடிந்து முதல்நாள் ஷிப்ட்டில் நெஞ்சு இறுக்கம், அடுத்தடுத்த நாளில் கொஞ்சம் குறைவு என்றால் பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸாக இருக்கலாம். அது தோல் டெஸ்ட்டில் தெரியாது. "அலர்ஜி நெகட்டிவ், ஒண்ணுமில்லை" என்று விட்டுவிடாமல் நுரையீரல் டாக்டரிடம் என்ன வேலை, எத்தனை வருடம் என்பதைச் சொல்லுங்கள்.

குத்தெல்லாம் எதுக்கு, ரத்தத்துலயே பார்த்துரலாமே?

பார்க்கலாம். ஒவ்வொரு பொருளுக்கும் தனியாக ஐஜிஇ பார்க்கும் ரத்த டெஸ்ட் உண்டு. அதற்கு மாத்திரை நிறுத்த வேண்டாம். 'லால்' மாத்திரை போடுகிறவர்கள், மாத்திரையை நிறுத்தவே முடியாதவர்கள், உடம்பெல்லாம் படை உள்ளவர்களுக்கு அதுதான் வழி. தோல் டெஸ்ட்டில் அன்றைக்கே முடிவு தெரியும், செலவும் பொதுவாகக் குறையும்.

மொத்த ஐஜிஇ மட்டும் பார்த்து "உங்களுக்கு 900 இருக்கு, பயங்கர அலர்ஜி" என்றால் நம்ப வேண்டாம். வயிற்றில் புழு இருந்தாலும் அது ஏறும். உணவுக்கு ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புப் பொருளைப் பார்ப்பது, முடியை அனுப்பிப் பார்ப்பது இரண்டும் அலர்ஜியைக் கண்டுபிடிக்க உதவாது. அந்தக் காசுக்கு மெத்தை உறை வாங்கலாம்.

எனக்குக் காணாக்கடி மூணு மாசமா வருது. டெஸ்ட் எடுத்துரலாமா?

ஆறு வாரத்துக்கு மேல் தினமும் வந்து வந்து போகும் காணாக்கடிக்குப் பெரும்பாலும் வெளிப்பொருள் காரணமாக இருப்பதில்லை, இந்த டெஸ்ட்டால் பயனும் குறைவு. மாத்திரையை நிறுத்தினால் அவதிதான் மிஞ்சும். நகத்தால் கோடு போட்டாலே தடிக்கிற தோல் என்றால் இன்னும் சிக்கல், உப்புத் தண்ணீர்ச் சொட்டுகூடத் தடித்துவிடும். அப்போது எது உண்மை, எது தோலின் சுபாவம் என்று படிக்கவே முடியாது.

வெள்ளிப் பட்டறையில வேலை, விரலெல்லாம் வெடிச்சு நீர் வடியுது. இந்த டெஸ்ட்டில தெரியுமா?

தெரியாது. அதற்குத் தோல் டாக்டர் எடுக்கும் பேட்ச் டெஸ்ட் வேண்டும். முதுகில் சின்னச் சின்ன வில்லைகளாக ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, மறுபடியும் ஒன்றிரண்டு நாள் கழித்துப் பார்ப்பார்கள். கவரிங் தோட்டில் இருக்கும் நிக்கல், சிமெண்டில் இருக்கும் குரோமியம், தலைச் சாயம், பார்த்தீனியம் என்று தோலில் பட்டுப் புண்ணாக்குகிறவை எல்லாம் இதில்தான் சிக்கும். சில்வர் ஓக் மரத்தைத் தொட்டு அரிப்பு வரும் எஸ்டேட் ஆட்களுக்கும், மாம்பழ சீசனில் பால் பட்டு வாயோரம் புண்ணாகிறவர்களுக்கும் பொதுவாக இந்த வகைதான்.

முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது. சேலத்துச் சித்திரை வெயிலில் அது நடக்கிற காரியமா? மார்கழி, தையில் நாள் கேளுங்கள்.

டெஸ்ட் முடிஞ்சு ராத்திரி கை வீங்கிருச்சு. அப்பவே போன் பண்ணணுமா?

குத்திய இடம் மட்டும் சில மணி நேரம் கழித்து மறுபடி வீங்கிச் சூடாக இருப்பது சிலருக்கு வரும், ஒன்றிரண்டு நாளில் போய்விடும். ஈரத் துணியை வைத்து ஒற்றிக்கொள்ளுங்கள். குத்தாத இடத்தில் தடிப்பு, தொண்டை இறுக்கம், மூச்சு வாங்குதல் என்றால் எனக்குப் போன் செய்துகொண்டிருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

முடிஞ்ச உடனே ஏற்காடு பஸ் ஏறலாங்களா? வாந்தி மாத்திரை இப்பவாவது போடலாமா?

கையைப் படித்து எழுதிய பிறகும் அரைமணி நேரம் வெளிப் பெஞ்சில் உட்காருங்கள். மலைப்பாதையில் பத்தாவது வளைவில் மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரி மேலேயும் தூரம், கீழேயும் தூரம். அதற்குப் பிறகு தாராளமாக ஏறுங்கள்.

வாந்தி மாத்திரை போடலாம், ஒரு வாரமாக நிறுத்திய அலர்ஜி மாத்திரையையும் அன்றே ஆரம்பிக்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டால் தூக்கம் தள்ளும், ஒன்று போதும். பைக்கில் வந்தவர்கள் வீடு போய்ச் சேர்ந்த பிறகு போடுங்கள்.